பந்தைத் தொடாதவன்

அந்தப் படிவத்தை நிரப்பியது நான். எங்கள் வீட்டில் அதை அப்பா செய்த வேலை என்றுதான் பேசுகிறார்கள். அப்பாவுக்கு ஆங்கிலத்தில் கையெழுத்து மட்டும்தான் போட வரும். வீட்டு விலாசம் எழுத வேண்டிய இடத்தில் நகரத்தின் வேறு பக்கத்தில், மில்லிக்கனில் இருக்கும் சித்தப்பாவின் விலாசத்தை ஓர் எழுத்துப் பிழையும் இல்லாமல் எழுதியது நான். அது 1995 ஓகஸ்ட் கடைசி. என் தம்பி கீதனைப் பள்ளிக்கூடம் மாற்றுகிற படிவம். எழுதி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன அழிந்தது என்று சொல்கிறேன்.

கீதன் பதினைந்து வயதில் இருநூற்று முப்பது இறாத்தல் இருந்தான். பஸ்ஸில் பெடியள் அவனுக்குப் பக்கத்தில் இருக்க மாட்டார்கள், இடம் காணாது என்று சிரிப்பார்கள். பத்தாம் வகுப்பு தொடங்கிய கிழமை மரவேலை வாத்தியார் ஹெனெசி அவனைக் கொரிடோரில் மறித்து, உன் சப்பாத்து அளவு என்ன என்று கேட்டார். பதின்மூன்று என்றான். பின்னேரம் மைதானத்துக்கு வா என்றார். ஹெனெசிதான் அந்தப் பள்ளிக்கூட ஃபுட்போல் அணியில் லைன்மன்களைப் பழக்குகிறவர்.

இங்கே ஃபுட்போல் என்றால் காலால் உதைக்கிற விளையாட்டு இல்லை. பந்தை எறிகிறவன் ஒருவன் பின்னால் நிற்பான். அவனை அடித்து விழுத்த எதிரணி பாய்ந்து வரும். அவனுக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாக நின்று அவர்களைத் தடுக்க வேண்டும். அந்த ஐந்து பேர்தான் லைன்மன்கள். எதிரியைக் கட்டிப் பிடிக்கக் கூடாது, பந்தையும் தொடக் கூடாது. எறிகிறவனுக்கு நாலு விநாடி வாங்கிக் கொடுத்தால் போதும். எறிகிறவன் வலக்கைக்காரன் என்றால் எறியும்போது அவனுடைய முதுகு இடது பக்கம் திரும்பிவிடும். அந்தப் பக்கத்தால் வருகிறவனை அவன் காணவே மாட்டான். இடது ஓரத்தில் நிற்கிறவன்தான் அவனுக்கு முதுகுக் கண். ஹெனெசி கீதனை அந்த இடத்துக்குத்தான் தெரிந்தெடுத்தார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். நான் பதினோராம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் வகுப்புக்கு முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் பேசவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, அதற்குப் பிறகு போகவே இல்லை. மஃபின் பெட்டியில் அடுக்குகிற பக்டரியில் காலை ஆறு மணியிலிருந்து இரண்டரை வரை வேலை. வேலை முடிந்து வரும் பஸ் அந்த மைதானத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

முதல் மாதம் முழுக்க ஹெனெசி அவனுக்கு நிற்க மட்டும் பழக்கினார். முழங்கால் மடிந்து, முதுகு நேராக, ஒரு கை நிலத்தில். பாரம் முன்னங்காலில் இருக்க வேண்டும், ஆனால் முன்னால் சாயக் கூடாது. நிலத்தில் ஊன்றிய கையை அவர் இரண்டு விரலால் தட்டிவிடுவார், கீதன் முகங்குப்புற விழுவான். திரும்பவும் நில் என்பார். பிறகு அடி எடுத்து வைப்பது. ஒரு சாண் அடி, அதற்கு மேல் இல்லை. கால் நிலத்தை விட்டு உயர்ந்தால் யாரும் தள்ளி விழுத்தலாம். பிறகு கை. எதிரியின் நெஞ்சில் உள்பக்கமாக வைக்க வேண்டும், வெளிப்பக்கம் போனால் தவறு. பிறகு இதெல்லாவற்றையும் பக்கத்தில் நிற்கிற நாலு பேரோடு ஒரே மூச்சில் செய்ய வேண்டும்.

வீட்டிலும் பழகினோம். அப்பார்ட்மென்ற் கொரிடோரில் ஒரு கதிரையை வைத்து அதன் மேல் இருபது இறாத்தல் அரிசி மூட்டையை இருத்துவோம். அதுதான் பந்து எறிகிறவன். நான் சோஃபா மெத்தையை நெஞ்சில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து கதிரையைத் தொட வேண்டும், கீதன் விடக் கூடாது. அவன் கதிரையைத் திரும்பிப் பார்க்கவும் கூடாது. முதல் இரண்டு மாதமும் நான் தொட்டேன். பிறகு தொட முடியவில்லை. எங்கே திரும்பினாலும் அந்த இரண்டு பெரிய உள்ளங்கைகள் மெத்தையில் இருக்கும். நாலாம் நம்பர் வீட்டுக்காரி கதவைத் திறந்து பொலிசைக் கூப்பிடுவேன் என்றாள். அடுத்த கிழமை அவளே கதிரை கொண்டுவந்து வாசலில் இருந்து பார்த்தாள்.

அடுத்த கோடையில் கீதன் இரண்டு அங்குலம் வளர்ந்தான். பழகிய எல்லாம் போய்விட்டது. கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். ஹெனெசி தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்துவிட்டு முதலாவது நாளிலிருந்து திரும்பவும் தொடங்கினார். அவனோடு லைனுக்கு வந்த ஒன்பது பேரில் ஆறு பேர் அதற்குள் போய்விட்டார்கள். பந்தோடு ஓடுகிறவனின் படம் பேப்பரில் வரும். லைனில் நிற்கிறவன் பிழை விட்டால் மட்டும்தான் அவன் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். ஒருநாள் வேலிக்குப் பக்கத்தில் இன்னொரு வாத்தியாரிடம் ஹெனெசி கத்தியதைக் கேட்டேன். ஓடத் தெரிந்தவன் ஜூனில் வந்து செப்ரெம்பரில் ஓடுவான், ஒரு லைன்மனைச் செய்ய எனக்கு மூன்று வருடம் வேண்டும், மூன்று வருடத்தில் அவன் பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டு போய்விடுவான் என்று கத்தினார்.

அந்த ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை அப்பா ஆட்டம் பார்க்க வந்தார். சித்தப்பா சண்முகலிங்கமும் கூட வந்தார். இன்சூரன்ஸ் விற்கிறவர், எங்கள் குடும்பத்தில் ஆங்கிலம் தெரிந்தவர் என்று பெயர். மடக்குக் கதிரை, ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணி எல்லாம் கொண்டுவந்தார்கள்.

அன்று கீதனுக்கு முன்னால் நின்றவன் தாடி வைத்திருந்தான். ஆட்டம் முடியும் வரை அவன் எங்கள் மார்க்கோவை ஒருமுறையும் தொடவில்லை. மார்க்கோதான் பந்து எறிகிறவன். தாடிக்காரன் உள்ளே வந்தான், வெளியே சுற்றினான், குனிந்து வந்தான், கடைசியில் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு வந்தான். கீதன் ஒரு சாண் அடி வைத்தபடி அவனுக்கு முன்னாலேயே நின்றான். எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு வடிவாக ஒருவர் வேலை செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சித்தப்பா தேத்தண்ணியை ஊதிக்கொண்டு, "அண்ணை, உவன் பந்தைத் தொட்டவனே?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சும்மா நிக்கிறதுக்கு ஏன் உந்தப் பெரிய ஹெல்மெற்? மதில் எண்டு நெஞ்சிலை எழுதிவிட்டால் காணும்தானே" என்றார்.

ஆட்டம் முடிந்ததும் ஹெனெசி ஓடிவந்து மார்க்கோவைத் தாண்டிப் போய்க் கீதனைத்தான் முதலில் கட்டிப் பிடித்தார். அப்பா அதையும் பார்த்தார். அடி வாங்கினதுக்கு முதுகிலை தட்டிக் குடுக்கிறான் என்று சொன்னார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் அப்பா தொடங்கினார்.

"அவையின்ரை பெடியன் பின்னாலை நிண்டு சட்டை கசங்காமல் பந்து எறியிறான். என்ரை பிள்ளை முன்னாலை நிண்டு அடி வாங்கிறான். நான் பிறம்ரனிலை கூலிக்கு மூட்டை தூக்கிறது காணாதே?"

கீதன் விளங்கப்படுத்தப் பார்த்தான். அவனுக்குத் தமிழில் சொல் வரவில்லை. இட்ஸ் தி ஹார்டெஸ்ற் பொசிஷன் அப்பா என்றான். அப்பாவுக்கு அது வாய்காட்டலாகப் பட்டது. எனக்குத் தமிழில் எல்லாச் சொல்லும் இருந்தது. நான் அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

அந்த மாரிகாலம் முழுக்கச் சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வந்து கதைத்தார். தங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பு திறம், அங்கே எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர், ஃபுட்போல் பழக்குகிற வாத்தியாரைத் தனக்குத் தெரியும், கேட்டால் கீதனுக்குக் கையில் பந்தைக் கொடுத்து ஓட விடுவார் என்றார். குடும்பம் வீடு மாறினால்தான் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய் விளையாடலாம் என்று ஒரு விதி இருந்தது. அதற்குத்தான் விலாசம். எங்கள் ஆட்கள் எத்தனை பேர் பிள்ளையை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாமன் வீட்டு விலாசம் கொடுத்திருக்கிறார்கள் என்று சித்தப்பா விரல் மடித்துச் சொன்னார். அப்பாவின் மனதில் அது பொய் இல்லை. தம்பி வீடும் தன் வீடுதான்.

படிவம் எழுதுவதற்கு முதல் நாள் ஹெனெசி ஃபோன் எடுத்தார். எப்படியோ அவருடைய காதுக்கு எட்டியிருந்தது. அப்பாவோடு கதைக்க வேண்டும் என்றார். நான் நடுவில் நின்று ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த வருடம்தான் கீதனின் வருடம், இரண்டு வருடம் பழகியதெல்லாம் இப்போதுதான் உடம்பில் ஏறியிருக்கிறது, தயவுசெய்து அவனை எடுக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். நான் அப்பாவிடம், அவன் இஞ்சையே படிச்சால் நல்லதாம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அப்பா, "என்ரை மகன் ஒருத்தருக்கும் கூலி இல்லை எண்டு சொல்லு" என்றார்.

நான் ஹெனெசியிடம், அப்பா நன்றி சொல்கிறார், யோசிப்பாராம் என்றேன்.

அந்த மனிதர் அதை நம்பி ஒரு கிழமை காத்திருந்தார். அதை நினைத்தால் இப்போதும் என் கையை நானே கடிக்கலாம் போலிருக்கிறது.

புதுப் பள்ளிக்கூடத்தில் சொன்னபடி கீதன் கையில் பந்தைக் கொடுத்தார்கள். முதல் ஆட்டத்தில் மூன்று தரம் ஓடினான். இரண்டு தரம் நாலடி போகுமுன் விழுத்தினார்கள். மூன்றாம் தரம் பந்தைக் கைவிட்டான், எதிரணி எடுத்துக்கொண்டு ஓடியது. ட்ரக்குக்கு ரயர் வெடிச்சிட்டுது என்று அவனுடைய அணிப் பெடியளே சிரித்தார்களாம். இரண்டாம் ஆட்டத்தில் ஒருமுறைதான் விட்டார்கள். அதன் பிறகு ஆடாதவர்கள் இருக்கிற வாங்கில். லைனில் விடுங்கள் என்று கீதன் கேட்டிருக்கிறான். அதற்கு அந்த அணியின் வாத்தியார், என்னுடைய ஐந்து பேரும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறவர்கள், ஒருவன் தோளை அசைத்தால் மற்றவனுக்கு விளங்கும், உனக்காக அதைப் பிரிக்க மாட்டேன், நீ திறம்தான், ஆனால் வேறொருவர் செய்த ஆள் என்று சொன்னார். அவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் ஆத்திரம். சித்தப்பாவிடம் சொன்னபோது, வாங்கிலை இருந்தால் அடி விழாதுதானே என்று சிரித்தார்.

செப்ரெம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை நான் பழைய பள்ளிக்கூடத்தின் ஆட்டத்துக்குப் போனேன். இடது ஓரத்தில் ட்ரெவர் என்று ஒரு பத்தாம் வகுப்புப் பெடியன் நின்றான். உடம்பு இருந்தது. லைனுக்கு வந்து மூன்று கிழமை. அவன் நிற்கும்போதே எனக்குத் தெரிந்தது, பாரம் முழுக்கக் குதிக்காலில். எதிரணிக்கும் தெரிந்துவிட்டது. எல்லாரையும் அந்தப் பக்கத்தாலேயே விட்டார்கள். இரண்டாம் பாதியில் ஒருவன் ட்ரெவரைச் சுற்றிக்கொண்டு போய், மறுபக்கம் பார்த்து நின்ற மார்க்கோவைப் பின்னால் இருந்து அடித்தான். தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் வேலி வரைக்கும் கேட்டது. அம்புலன்ஸ் வந்தது. ட்ரெவர் மைதானத்தில் முழங்காலில் இருந்து குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதான். மார்க்கோவின் தாய் செருப்பு ஒன்று கழன்றது தெரியாமல் ஓடினாள்.

அந்த இடத்தில் கீதன் நின்றிருக்க வேண்டும். அவன் அப்போது மில்லிக்கனில் வாங்கில் இருந்தான். நான் வேலியைச் சுற்றி நடந்து போய் ஹெனெசிக்கு முன்னால் நின்றேன்.

விலாசம் பொய், நாங்கள் வீடு மாறவில்லை, எழுதியது நான் என்று சொன்னேன். நான் அவரோடு முகத்துக்கு முகம் பேசியது அதுதான் முதல் தரம்.

அவர் என்னை அன்பாகப் பார்க்கவில்லை. அதை ஏன் ஃபோனில் சொல்லவில்லை என்று கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் இவனைப் போல நாலு பேரைச் செய்திருக்கிறேன், நாலு பேர், உனக்கு விளங்குகிறதா என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து விஷயத்தைச் சொன்னார். விலாசம் பொய் என்றால் மாற்றமே செல்லாது, கீதன் பழையபடி இங்கே வரலாம். ஆனால் இந்த வருடம் விளையாட விடுவதா என்பதைப் பள்ளிக்கூடங்களின் விளையாட்டுக் குழு தீர்மானிக்கும். விடாமலும் போகலாம். அப்படியென்றால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் கீதனிடம் எல்லாவற்றையும் சொல்லி, குழுவுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். செய் அக்கா, வாங்கிலை இருந்தே செத்துப்போவன் என்றான். அந்த இரவே எழுதினேன்.

விசாரணை ஒக்ரோபர் நடுவில், ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடியில். குழுவில் மூன்று வாத்திமார், அவர்களில் தலைவி ஒரு தலை நரைத்த பெண். ஹெனெசியும் கீதனும் வந்திருந்தார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் வர வேண்டும் என்று கடிதம் வந்ததால் அப்பா கலியாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். சித்தப்பா வரவில்லை, அன்றைக்கு அவருக்கு ஒஷாவாவில் வேலையாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். என்ரை மகள் இருக்கிறா என்றார் அப்பா. வழியில் காரிலும் அவர் என்னோடு கதைக்கவில்லை. நான் காட்டிக்கொடுத்தவள். ஆனால் மொழிபெயர்க்க நான்தான் வேண்டும்.

தலைவி, ஏன் மகனை மாற்றினீர்கள் என்று கேட்டாள்.

அப்பா எழுந்து நின்றுகொண்டு சொன்னார். "என்ரை மகனை முன்னாலை விட்டு அடி வாங்க வைச்சிட்டு, மற்றவன் பேர் எடுக்கிறான். நாங்கள் அகதியாய் வந்தனாங்கள்தான். ஆனால் என்ரை மகன் ஒருத்தருக்கும் கூலி இல்லை."

நான் அதை முழுக்க, சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னேன். கூலி என்ற சொல்லுக்கு வேறு சொல் தேடவில்லை, அதை அப்படியே வைத்தேன். ஓரிடத்திலும் நிறுத்தவில்லை. மேசையில் இருந்த மூன்று பேரும் பேனையைக் கீழே வைத்தார்கள். ஹெனெசியின் கழுத்து சிவந்தது.

அவர் தலைவியைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துச் சொன்னார். நான் அதையும் அப்படியே தமிழில் சொன்னேன்.

"அவர் சொல்லுறார், பந்து எறியிறவன் அவருக்கு இரண்டு வருசத்துக்கு ஒருத்தன் கிடைப்பானாம். தம்பியைப் போல ஆள் ஐஞ்சாறு வருசத்துக்கு ஒருத்தன்தானாம். அந்தப் பள்ளிக்கூடத்திலை ஒரேயொரு பிள்ளையை எடு எண்டு கேட்டால், முதல் உங்கடை மகனைத்தான் எடுப்பாராம். அதை வீட்டை வந்து உங்களுக்குச் சொல்லியிருக்க வேணுமாம். எல்லாருக்கும் தெரியும் எண்டு நினைச்சிட்டாராம்."

அப்பா, "கையிலை பந்து குடுக்காமல் அதென்ன மதிப்பு எண்டு கேள்" என்றார்.

கேட்டேன்.

"மார்க்கோவின்ரை தாயிட்டைக் கேக்கட்டாம்" என்றேன்.

அப்பா கதிரையில் இருந்துவிட்டார். மார்க்கோவுக்கு என்ன நடந்தது என்று அவருக்கு அதுவரை தெரியாது. நான்தான் அங்கேயே, எல்லாருக்கும் முன்னால், தமிழில் சொன்னேன். யார் அந்த இடத்தில் நின்றான், எத்தனை கிழமை பழகியிருந்தான், எலும்பு எங்கே முறிந்தது, எல்லாம். அதில் ஒரு சொல்லையும் நான் மென்மையாக்கவில்லை.

மூன்று பேரும் அடுத்த அறைக்குப் போய் இருபது நிமிடத்தில் வந்தார்கள். கீதன் திங்கட்கிழமை பழைய பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். ஆனால் இந்தப் பருவத்தில் ஏற்கெனவே வேறு பள்ளிக்கூடத்துக்காக இரண்டு ஆட்டம் ஆடிவிட்டான். ஆகவே இனி இந்த வருடம் ஆட முடியாது. அணியோடு பழகலாம்.

கீதன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்தேன். எழுதினது நான், என்னைத் தண்டியுங்கோ என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அறை முழுக்கக் கேட்டது. நீ எந்தப் பள்ளிக்கூடத்து மாணவி என்று தலைவி கேட்டாள். எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை என்றேன். அப்படியென்றால் உன்னை நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது அம்மா என்றாள், நல்ல மனுசிதான், மெதுவாகத்தான் சொன்னாள். விதி இப்படித்தான். விதி எழுதியவர்களுக்கு ஒரு லைன்மனைச் செய்ய எவ்வளவு காலம் எடுக்கும் என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

இப்போது கீதன் ஒவ்வொரு பின்னேரமும் மைதானத்தில் ட்ரெவருக்கு எதிரில் நிற்கிறான். பாய்ந்து போய் அவனை விழுத்துவதுதான் கீதனின் வேலை. ட்ரெவர் விழுகிறான். கீதன் கை கொடுத்துத் தூக்குவதில்லை. எழும்பு, லோ, லோ, இன்னும் பதிந்து நில் என்று கத்திக்கொண்டு திரும்பிப் போய் நிற்கிறான். ஆட்டங்களில் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்கிறான். மார்க்கோவுக்குப் பதிலாக வந்தவன் பந்தை எறியும் முன்பே பயத்தில் விழுந்துவிடுகிறான். அணி எல்லா ஆட்டத்திலும் தோற்கிறது. ட்ரெவருக்குத் தகுதி வரும்போது ட்ரெவர் பள்ளிக்கூடத்தை முடித்திருப்பான். கீதனுக்குத் தகுதி வந்துவிட்டது, வருடம் போய்விட்டது. பதின்மூன்றாம் வகுப்பு என்று அடுத்த வருடம் ஒன்று இருக்கிறது என்று ஹெனெசி சொல்கிறார். ஜூன் வந்ததும் வேலைக்குப் போகிறேன் என்று கீதன் சொல்கிறான்.

நவம்பரில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா தலை நிமிராமல் கேட்டார்.

"உந்த ட்ரெவர் எண்ட பெடியன் நிக்கப் பழகிட்டானே?"

அம்மா கறிச்சட்டியோடு அப்படியே நின்றார். கீதன் அப்பாவோடு கதைத்து ஒரு மாதம் இருக்கும். அவன் கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். அப்பா என்னைப் பார்த்தார், வழக்கம் போல நான் ஏதாவது நல்லதாக மாற்றிச் சொல்வேன் என்று காத்திருந்தார்.

நான் புட்டைப் பிசைந்து சாப்பிட்டேன்.